விழுப்புரம் போன பொறுக்கி

ஜூன் 2, திங்கள்

அக்னி முடிந்துவிட்டதாகக் காலண்டர் சொல்கிறது. திண்டிவனத்துக்கு யாரும் சொல்லவில்லை போல. கடை ஷட்டரில் தோசை வார்க்கலாம். காலையில் கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது.

ஸ்கூல் திறக்கிற நேரம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குக் கூட்டம். அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருத்தன் சிரிக்கவே மாட்டேன் என்கிறான், இன்னொருத்தன் நிறுத்த மாட்டேன் என்கிறான். அவங்க அம்மா: "ரெண்டையும் கலந்து ஒரு மூஞ்சியா போட முடியாதுங்களா?"

வாங்க வேண்டியது: போட்டோ பேப்பர், கட்டர் பிளேடு, மல்லிப்பூ (நேற்றைய சண்டைக்கு).

இந்த டைரி நகைக்கடையில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து கால்குலேட்டருக்கு மெத்தையாகக் கிடந்தது. இன்றைக்கு எழுதத் தோன்றியதற்குக் காரணம் என் சம்சாரம் கோமதி.

கல்யாணம் எடுத்துக் கொடுத்ததும் பொண்ணு வீட்டுக்காரங்க ஆல்பத்துக்கு வேண்டிய படங்களின் நம்பரை போனில் அனுப்புவார்கள். ஆயிரக்கணக்கான படத்தில் அந்த நம்பர்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தனியாகப் போட வேண்டும். ஒரு கல்யாணம் முடிவதற்குள் மாப்பிள்ளையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். பாவம், அவன் என்ன செய்தான்.

கோமதி மயிலம் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட். மிஷினை ஆன் பண்ணிக் கொடுக்கிற வேலை. பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும்போது பின்னால் நின்றே பைத்தான் கற்றுக்கொண்டாள். போன மாதம் எனக்காக ஒரு புரோகிராம் எழுதினாள். நம்பரைக் கொடுத்தால் போதும், படங்களைத் தானே பொறுக்கித் தனி போல்டரில் போட்டுவிடும். அவள் வைத்த பெயர் 'தேர்வு'. நான் கூப்பிடுகிற பெயர் 'பொறுக்கி'. எந்தப் பெயர் நிலைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

சாயந்திரம் அவளுக்கு மச்சான் போன். கோமதியின் அண்ணன், ஏழுமலை. விழுப்புரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டான், மூன்று கல்யாணம் தேங்கி நிற்கிறது, சனிக்கிழமை கண்டமங்கலத்துப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உட்காரப் போகிறார்கள்.

"பாப்பா, மாப்ள சொல்லிக்கினு இருந்தாரே, அந்தப் பொறுக்கி. அதை அனுப்பேன்."

"அனுப்புறேண்ணே. ஆனா நான் வந்து ஓட்டித் தர மாட்டேன்."

"ஏன், பஸ்ஸு இல்லியா?"

"நான் பக்கத்துல நின்னாத்தான் ஓடும்னா, அது ஓடுறதில்லண்ணே. நான் ஓட்டுறது."

மச்சானுக்குப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் புரிந்தது. போன வருஷம் காலேஜ் ஆபீசுக்கு ஒன்று எழுதிக் கொடுத்தாள். அவள் மிஷினில் ஓடியது, ஆபீஸ் மிஷினில் ஓடவில்லை. கிளார்க்குகள் எல்லாம், "மேடத்தோட மிஷினையே தூக்கியாந்து வெச்சிடலாமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பூரி போட்டாள். உப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஸ்டுடியோக்காரர்கள் சங்கக் கூட்டம். அண்ணன் கடையில் தானாக ஓடிவிட்டால் அங்கே போய் எல்லாருக்கும் கொடுப்பாளாம். ஓடாவிட்டால்?

"அழிச்சிட்டு வேற வேலையப் பாக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரிப்பில் எது நிஜம் எது இல்லை என்று எனக்குத் தெரியும். போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன் இல்லையா.

மல்லிப்பூ வாங்க மறந்துவிட்டேன்.


ஜூன் 3, செவ்வாய்

மேகம் மட்டும். மழை இல்லை.

காலை டீயோடு பாடம்.

"அண்ணன் மிஷின்ல பைத்தான் இருக்காதுங்க."

"பல்லி இருக்கு. பாத்திருக்கேன்."

முறைத்தாள். பிறகு சொன்னாள். அவள் எழுதியது ஓட வேண்டும் என்றால் அந்த மிஷினில் பைத்தான் இருக்க வேண்டும். மச்சானை அதைப் போடச் சொன்னால் கடையை மூடிவிட்டு ஓடுவார். அதனால் எழுதியது, பைத்தான், துணைச் சாமான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறாள். கல்யாண வீட்டுக்கு வருகிற சமையல்காரர் கரண்டி, அண்டா, அடுப்பு, கேஸ் வரைக்கும் கொண்டு வருகிற மாதிரி. வீட்டுக்காரன் இடம் மட்டும் காட்டினால் போதும்.

பென்டிரைவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ். பின்சீட்டில் ஒரு அம்மா போனில்: "தோ, கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன்டி, வந்துக்கினே கீறேன்." பஸ் இன்னும் திண்டிவனம் ஸ்டாண்டை விட்டு நகரவில்லை.

மச்சான் கடை. கம்ப்யூட்டருக்கு விபூதி, பொட்டு, பூ. அதைப் பார்த்ததும் எனக்கு மல்லிப்பூ ஞாபகம் வந்தது. பென்டிரைவைச் செருகினார். பொறுக்கியின் மேல் இரண்டு தட்டு. ஒரு கறுப்பு ஜன்னல் பளிச்சென்று வந்தது, போனது. மறுபடி தட்டினார். வந்தது, போனது.

"இன்னா மாப்ள இது, கண்ணடிச்சிட்டுப் போவுது?"

"உங்களைப் பாத்து கண்ணடிக்கிதுன்னா அதுக்குக் கண்ணுல கோளாறு மச்சான்."

கோமதிக்குப் போன். லேபில் இருந்து கிசுகிசு. இரண்டு தட்டு தட்டக் கூடாதாம். கறுப்பு ஜன்னலைத் தனியாகத் திறந்து, அதில் புரோகிராம் பெயரை டைப் அடித்து, பக்கத்தில் போல்டர் இருக்கிற இடத்தையும் டைப் அடித்து, என்டர் தட்ட வேண்டும்.

மச்சான் போனை வாங்கினார். "பாப்பா, இத்தினி வருஷமா இந்தக் கையி ரெண்டு தட்டு தட்டித்தான் பழக்கம். இனிமே மந்திரம் ஓதச் சொல்ற. நான் பூசாரி கிடையாது."

அந்தப் பக்கம் கீபோர்டில் ஏதோ தட்டுகிற சத்தம். அப்புறம், "சரிண்ணே. நீ சொல்றதுதான் சரி. மாத்தறேன்."

மச்சான் வாங்கிக் கொடுத்த பரோட்டா நன்றாக இருந்தது. பயணம் முழுசாக வீண் இல்லை.


ஜூன் 4, புதன்

வெயில். கடை வாசலில் நாய் நிழலைப் பார்த்து இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நானும்.

காலேஜ் பஸ்ஸுக்கு முன்னால் கோமதி என்னை உட்கார வைத்தாள். ஒன்றும் தெரியாத ஆள் ஒருத்தர் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.

"அதுக்கு என்னைத் தவிர ஆள் இல்லியா?"

"உங்க அளவுக்கு இல்ல. யோசிக்காதீங்க, வழக்கமா எப்பிடிச் செய்வீங்களோ அப்பிடிச் செய்யுங்க."

"யோசிக்காமலா? கல்யாணம் பண்ணிக்கிட்டாப்லயா?"

மல்லிப்பூ இன்னும் பாக்கி என்பதால் பதில் கொஞ்சம் காரமாக வந்தது. எழுத வேண்டாம்.

இப்போது டைப் எதுவும் கிடையாது. கல்யாண போல்டரை இழுத்து வந்து பொறுக்கியின் தலையில் போட வேண்டும். போல்டருக்குள் போட்டு வைத்த நம்பர் லிஸ்டைத் தானே படித்துப் பொறுக்கும். முடிந்ததும், 'முடிந்தது, என்டர் தட்டவும்' என்று தமிழில் நிற்கும். கண்ணடித்துவிட்டு ஓடாது. செய்தேன். ஓடியது. எனக்கே ஓடுகிறது என்றால் நாட்டில் யாருக்கும் ஓடும்.

பஸ்ஸுக்கு அலைய வேண்டாம் என்று லிங்க் அனுப்பினாள். மச்சான் டவுன்லோடு பண்ணி, வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டார். திரையில் நீலமாக ஒரு பெரிய கட்டம். இங்கிலீஷ். மச்சான் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தெரியாத ஆளு செஞ்சதுன்னு போட்டுருக்கான் மாப்ள. தொறந்தா ஆபத்தாம்."

"ஆமா மச்சான்."

"என் தங்கச்சியைத் தெரியாதாமா? யாரைப் பாத்து தெரியாத ஆளுங்கறான்? எங்கப்பா பேரு விழுப்புரத்துல தெரியாதவன் எவன் கீறான்!"

கம்ப்யூட்டரோடு சண்டை. கோமதி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தபடி எங்கே தட்டினால் அந்தக் கட்டம் போகும் என்று சொன்னேன். தட்டினார். போனது. அதற்குள் வலது மூலையில் ஆன்டிவைரஸ் ஒரு மணி அடித்தது. பைலையே காணோம். பிடித்து உள்ளே போட்டுவிட்டது.

"பேருக்கு ஏத்தாப்ல லாக்கப்புல வெச்சிட்டான் மாப்ள," என்றார்.

இரவுச் சாப்பாட்டில் கோமதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே பைலாக அமுக்கிக் கட்டினால், திறக்கும்போது உள்ளே இருந்து தானாகப் பிரிந்து வெளியே வருமாம். திருட்டுப் புரோகிராம்களும் அப்படித்தான் வருமாம். அதனால் வாட்ச்மேனுக்குச் சந்தேகம். மூட்டையை அமுக்காமல் ஒரு போல்டரில் பிரித்து வைத்தபடியே கொடுத்தால் சந்தேகம் குறையும்.

"அப்ப ஜாமீன்ல வந்துடும்."

இதற்குச் சிரித்தாள்.


ஜூன் 5, வியாழன்

இன்றைக்கு என் முட்டாள்தனம். யாரும் பார்க்காத டைரி என்பதால் எழுதுகிறேன்.

கோமதி கிளம்பும்போது, "புதுசு டெஸ்க்டாப்புல கீது, பென்டிரைவ்ல போட்டுக்கினு போங்க," என்றாள். டெஸ்க்டாப்பில் பொறுக்கி என்று படம் இருந்தது. அதைக் காப்பி பண்ணினேன். பஸ்ஸில் மல்லாட்டை வாங்கித் தின்றுகொண்டே போனேன். அவித்த கடலை, நல்ல சூடு. பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்காமலே கை நீட்டினார். கொடுத்தேன்.

மச்சான் கடையில் போட்டால், 'காணவில்லை' என்கிறது. எதைக் காணவில்லை? நீதானே இங்கே இருக்கிறாய்? மூன்று விதமாகத் தட்டிப் பார்த்தோம். மச்சான் பென்டிரைவை ஊதி ஊதிப் பார்த்தார்.

கோமதிக்குப் போன். "அந்தப் படத்து மூலையில சின்ன அம்புக்குறி இருக்காங்க?"

"இருக்கு."

மூச்சு இழுக்கிற சத்தம். அப்புறம் சிரிப்பு. லேப் என்பதையும் மறந்து. நான் கொண்டுபோனது ஷார்ட்கட். நிஜச் சாமான் இருக்கிற இடத்தைக் காட்டுகிற கைகாட்டி மட்டும். சாமான் எல்லாம் திண்டிவனத்தில் பத்திரமாக இருக்கிறது. நான் கைகாட்டியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறேன்.

மச்சானுக்குச் சொல்லிப் புரிய வைத்ததும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க மாப்ள விழுப்புரத்துக்கு போர்டு மட்டும் எத்துக்கினு வந்துட்டாருப்பா!" தெருவுக்கே சொன்னார். சொல்லட்டும். அவர் முதல் முதல் டிஜிட்டல் கேமரா வாங்கியபோது பிலிம் போடுகிற இடத்தைத் தேடினதை நான் எத்தனை கல்யாணத்தில் சொல்லியிருப்பேன்.

ஆனால் சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. உள்ளே அக்கா (மச்சான் சம்சாரம்) உட்கார்ந்து கையாலேயே படம் பொறுக்க ஆரம்பித்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் மாற்றி மாற்றி. மூன்று கல்யாணத்தில் முதல் கல்யாணத்தின் மாப்பிள்ளை அழைப்பே தாண்டவில்லை. சனிக்கிழமைக்குள் முடியாது.

சாயந்திரம் மச்சானே கோமதிக்குப் போன் பண்ணினார். ஸ்பீக்கரில் இருந்தது.

"விடு பாப்பா. நீ ஆசையா செஞ்ச, சந்தோஷம். உனக்கு எதுக்கு இந்த பேஜாரு? அக்காவும் நானும் பாத்துக்கறோம்."

அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் பாருண்ணே," என்றாள். வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கினாள். சாம்பாருக்கும் இல்லாமல் பொரியலுக்கும் இல்லாமல் பொடிப்பொடியாக. என்னிடம் ஒரு நல்ல ஜோக் இருந்தது. சொல்லவில்லை.

மல்லிப்பூ வாங்கினேன். வைத்துக்கொண்டாள்.


ஜூன் 6, வெள்ளி

விடிகாலை நாலு தூறல். மண் வாசனை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

இன்றைக்கு முழுப் போல்டரையும் அவளே பென்டிரைவில் போட்டு, என் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, பாக்கெட்டைத் தட்டிப் பார்த்து அனுப்பினாள். ஸ்கூலுக்கு அனுப்புகிற மாதிரி.

விழுப்புரம். பென்டிரைவ் என்பதால் நீலக் கட்டம் வரவே இல்லை. ஆன்டிவைரஸ் சும்மா இருந்தது. கண்டமங்கலம் கல்யாண போல்டரை மச்சான் இழுத்து வந்து பொறுக்கியின் தலையில் போட்டார். கறுப்பு ஜன்னல் வந்து நின்றது! அக்கா எழுந்து வந்து பார்த்தார். பொறுக்குகிறேன் என்றது. உடனே வரிவரியாக இங்கிலீஷ் கொட்டி நின்றுவிட்டது. அடுத்த கல்யாண போல்டர், அதே கதை. மூன்றாவதும். எங்கள் கடையில் பத்துக் கல்யாணத்துக்கு ஓடினதுதான் இது.

மச்சான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அக்கா மறுபடி போய் உட்கார்ந்து கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

திரையைப் போட்டோ எடுத்து கோமதிக்கு அனுப்பினேன். உடனே போன்.

"கடைசி வரிதாங்க முக்கியம். அங்கதான் என்ன தப்புன்னு எழுதியிருக்கும். அதை மட்டும் வெட்டிட்டு மீதி எல்லாத்தையும் எடுத்துருக்கீங்க. போட்டோகிராபராம்!"

பார்த்தேன். உண்மைதான். அழகான பிரேம், நல்ல வெளிச்சம், முக்கியமான ஆளுக்குக் கால் இல்லை. மறுபடி எடுத்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து: "அண்ணன் போல்டருக்கு இன்னா பேரு வெச்சிருக்குது? அப்பிடியே எழுத்து எழுத்தா படிங்க."

படித்தேன். முதலில் பிள்ளையார் சுழி. உ. அப்புறம் பொண்ணு பெயர், மாப்பிள்ளை பெயர் இங்கிலீஷில். மற்ற இரண்டிலும் அதே மாதிரி. மச்சான் மட்டும் இல்லையாம், விழுப்புரத்தில் அவரிடம் தொழில் கற்ற அத்தனை பேரும் கல்யாண போல்டருக்கு உ போட்டுத்தான் பெயர் வைப்பார்கள். அதற்காகவே கீபோர்டில் தமிழ் வைத்திருக்கிறார்கள். நான் போல்டருக்குத் தேதி மட்டும் போடுகிறவன். சோம்பேறித்தனம். அதனால்தான் எங்கள் கடையில் ஓடியிருக்கிறது.

அந்தப் பக்கம் கோமதி தலையில் அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. பொறுக்கி வேலையை ஆரம்பிக்கும்போதே, எந்தப் போல்டரில் வேலை செய்கிறேன் என்று ஒரு குறிப்பு எழுதி வைக்குமாம். அந்தக் குறிப்பில் இங்கிலீஷ் எழுத்துதான் வரும் என்று மச்சானுடைய பழைய விண்டோஸ் முடிவு பண்ணி வைத்திருக்கிறது. உ எழுதப் போய் விழுந்துவிட்டது. அவள் வைத்து எழுதுகிற லேப்டாப் வேறு வகை, அதற்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். அதனால் அங்கே தெரியவே இல்லை.

மச்சானுக்குக் கேட்டதில் பாதி போதுமாக இருந்தது. போனைப் பிடுங்கினார்.

"உ-வை எடுக்கச் சொல்லப் போறியா? அது மட்டும் ஆவாது பாப்பா. கல்யாண விஷயம். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"எடுக்க வேணாம்ணே."

"இன்னாது?"

"உ அங்கயே இருக்கட்டும். எல்லாரும் போடுறாங்கன்னா அது ஓடித்தான் ஆவணும். தப்பு என்னுது. கடைசியா ஒரு வாட்டி, நாளைக்குக் காலையில போட்டுப் பாரு. ஓடலைன்னா நானே ஒத்துக்கறேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். "சரி," என்றார். சாமி விஷயத்தில் விட்டுக்கொடுத்தவர்களிடம் அவர் கொஞ்சம் இளகுவார்.

சாயந்திரம் வந்ததும் கோமதி சரிபண்ண ஆரம்பித்தாள். சின்ன வேலைதானாம், ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். அப்புறம் எங்கள் கடை விண்டோஸ் மிஷினில் என்னை உட்கார வைத்து, "யாரும் வெக்காத பேரா வெச்சி போல்டர் பண்ணுங்க, போட்டு உடைச்சிப் பாக்கலாம்," என்றாள். இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் யார். நான் வைத்த பெயர்கள்:

உ உ உ சாம்பார் பத்தல
மாமனார் வீட்டு மொய் வரல!!!
கோமதி பூ எங்க
ஏழுமலை மச்சான் (வழுக்கை) ஒரிஜினல் பைனல் 2

எல்லாவற்றுக்கும் ஓடியது. கடைசிப் பெயருக்குக் கொஞ்சம் வேகமாகவே ஓடியது. வயிறு வலிக்கச் சிரித்தோம். மச்சானை வைத்து அல்ல. சரி, அவரை வைத்துத்தான்.


ஜூன் 7, சனி

வெயில் கம்மி. அல்லது எனக்கு இன்றைக்குத் தெரியவில்லை.

கோமதிக்கு லீவு. காலையில் லிங்க் அனுப்புவதற்கு முன்னால் எப்படிச் செய்வது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். படித்தேன். பாதியில் கொட்டாவி வந்தது.

"உங்கண்ணன் கல்யாணப் பத்திரிகையையே சாப்பாட்டு டைமு மட்டும் பாத்துட்டு மடிக்கிறவரு. இதைப் படிப்பாரா?"

வெட்டி வெட்டி மூன்று வரி ஆக்கினோம்.

1. மூட்டையை டெஸ்க்டாப்பில் அவிழ்க்கவும். உள்ளிருக்கும் எதையும் தனியே எடுக்க வேண்டாம்.
2. நீலக் கட்டம் வந்தால் பயப்பட வேண்டாம். படத்தில் காட்டியுள்ள இடங்களில் தட்டவும்.
3. கல்யாண போல்டரை இழுத்து வந்து இதன் மேல் போடவும். டீ சாப்பிடவும்.

டீ என் யோசனை. அடியில் அவள் போன் நம்பர். அந்த மூன்று வரியையும் மூட்டைக்குள்ளேயே போட்டு அனுப்பினாள்.

"நான் போயி பக்கத்துல நிக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம். நீங்க நின்னா எதனா பண்ணிடுவீங்க."

"ஓட வெச்சிடுவேன்னு அவ்ளோ நம்பிக்கையா?"

"இல்ல. கெடுத்துடுவீங்க."

அப்புறம் காத்திருந்தோம். மச்சான் போன் வரவில்லை. நாங்கள் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு. அவள் அரிசி களைந்தாள், போனைப் பார்த்தாள். துணி காயப் போட்டாள், போனைப் பார்த்தாள். கடைக்கு வந்து என் மேஜையைத் துடைத்தாள், இருபது வருஷத்தில் முதல் தடவை. கண்டமங்கலத்துக்காரர்கள் வருகிற நேரம் வந்தது, போனது. நான் ஒரு ஆதார் போட்டோ ஜெராக்ஸை இரண்டு தடவை தப்பாக வெட்டினேன்.

மதியம் சாப்பிடவில்லை. பசி இல்லையாம். நான் சாப்பிட்டேன், எனக்கு எப்போதும் பசி உண்டு. ஆனால் ரசத்தை மோர் என்று நினைத்து ஊற்றிக்கொண்டேன்.

"ஓடலை," என்றாள். "அதான் அண்ணன் சொல்ல மனசு வராம கீது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. சொல்லவில்லை. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வெயில் இறங்கினதும் அவளே பொறுக்க முடியாமல் போன் போட்டாள். ஸ்பீக்கரில் மச்சான் கொட்டாவி.

"இன்னா பாப்பா, சாப்டியா?"

"அண்ணே, இன்னாச்சு?"

"எது இன்னாச்சு?"

"அதாண்ணே... நான் அனுப்புனது."

"ஓ, அதுவா? காலையில பூ வெச்சதும் போட்டேன். டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிது. மூணு கல்யாணமும். கண்டமங்கலத்துக்காரங்க வந்தாங்க, பாத்தாங்க, சந்தோஷமாப் போயிட்டாங்க. அக்கா மீன் கொழம்பு வெச்சுது. தூங்கிட்டேன்."

கோமதி வாய் திறந்தபடி நின்றாள்.

"ஏண்ணே ஒரு போன் பண்ணிச் சொல்லக் கூடாது?"

"ஓடுனதுக்கு எதுக்கும்மா போன்? ஓடலைன்னா இல்ல பண்ணுவேன்! பேன் சுத்துதுன்னு கரண்ட் ஆபீசுக்கு யாராவது போன் பண்ணிக்கினு இருக்காங்களா?"

அவள் போனை வைத்துவிட்டு அண்ணனைத் திட்ட ஆரம்பித்தாள். திட்டத் திட்டச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணி. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுங்க," என்றாள். பழைய சோறு போட்டு நானே மோர் ஊற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை மோர்தான்.


ஜூன் 8, ஞாயிறு

காற்று. நல்ல நாள்.

சங்கக் கூட்டம் மதியம். கோமதி போகிறாள், நானும். பென்டிரைவ் எடுத்தாச்சு. கடை சாவி, குடை, மச்சானுக்கு முறுக்கு (வழுக்கை போல்டருக்குப் பிராயச்சித்தம், அவருக்குத் தெரியாது).

பச்சைப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பொம்பளைக் குரல். கோமதி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், வணக்கங்க. நான் குயிலாப்பாளையத்துல ஸ்டுடியோ வெச்சிருக்கேன். இந்தப் படம் பொறுக்குறதுல உங்க நம்பர் போட்டிருந்துது."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். குயிலாப்பாளையத்துக்கு நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு இது யாரு கொடுத்தாங்க?"

"கண்டமங்கலத்துல ஒரு ஸ்டுடியோ அண்ணன் பென்டிரைவ்ல கொடுத்தாருங்க. அவருக்கு விழுப்புரத்துல யாரோ கொடுத்தாங்களாம்."

கோமதி குரல் இறங்கிவிட்டது. "ஓடலைங்களா?"

"அய்யோ, ஓடுதுங்க! நேத்து சாயந்திரமே ரெண்டு ஆல்பம் முடிச்சேன். ஒரே ஒரு விஷயம். கல்யாண வீட்டுக்காரங்க ஒரே நம்பரை ரெண்டு வாட்டி எழுதிட்டா, அந்தப் படம் ரெண்டு வாட்டி வருதுங்க. அதை ஒண்ணா ஆக்க முடியுமான்னு கேக்கலாம்னு."

"முடியுங்க. முடியும். நீங்க எந்த விண்டோஸ் வெச்சிருக்கீங்க? போல்டர் பேரு எப்பிடிப் போடுவீங்க?"

"நாங்க சிலுவை போட்டு எழுதுவோங்க."

"சிலுவைக்கு ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க."

பேசிக்கொண்டே இருந்தார்கள். இஸ்திரிப் பெட்டி புடவை மேல் நின்றதை நான்தான் பார்த்து ஓடிப்போய் எடுத்தேன். பச்சைப் புடவையில் பழுப்பாக ஒரு முக்கோணம். அதைக் காட்டினேன். பார்த்தாள். பார்த்த மாதிரியே இல்லை.

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

"தெரியும். குயிலாப்பாளையம்."

"இல்லீங்க. யாருன்னே தெரியாது. அவங்க கடை எப்பிடி இருக்கும்னு கூடத் தெரியாது. அங்க ஓடிக்கினு இருக்குது."

மறுபடி மறுபடி அதையே சொன்னாள். கிண்டல் பண்ணத் தோன்றவில்லை எனக்கு. சும்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, கூட்டம் ஆரம்பித்துவிடுவார்கள், மச்சான் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். உள்பாவாடையும் ரவிக்கையுமாக, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்திருக்கிறாள்.

"இருங்க. அந்தம்மாவுக்கு இதை முடிச்சி அனுப்பிட்டு வர்றேன்."